மெயின் ரைடர் அவுட் ஆனால் பாடப் போவது யார்?

தமிழ் தலைவாஸ் அணி புரோ கபடியில் எட்டு சீசன் ஆடிவிட்டது. நாக் அவுட் வரை போனது ஒரே ஒரு சீசன், 2022-ல். அந்த வருஷம் 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து ரைடர் பவன் செராவத்தை எடுத்திருந்தார்கள். அதுவரை லீக்கில் யாருக்கும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. அக்டோபர் 8-ம் தேதி குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டம். முதல் பாதி முடிவதற்குள் எதிரணி ரைடரைப் பிடிக்கப் போன பவனுக்கு முழங்கால் போயிற்று. அதன் பிறகு அந்த சீசனில் அவர் மேட் ஏறவே இல்லை. ஆக, விலை உயர்ந்த ஆளை வாங்கி, அவர் இல்லாமல் ஆடிய வருஷம்தான் இந்த அணி அரையிறுதியைப் பார்த்தது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைவாஸின் தாக்குதல் ஆட்டத்தில் வருஷா வருஷம் இருக்கிற ஓட்டை எது என்பதை அந்த ஒரு சீசன் காட்டிக் கொடுத்துவிட்டது. அடுத்த ஏலத்துக்குள் அந்த ஓட்டையைப் பற்றிப் பேசியாக வேண்டும். யார் கோச், யாரை எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எப்போதும் நடக்கிறது. அந்த கோச் ரைடை எப்படிப் பங்கு போடப் போகிறார் என்ற பேச்சு மட்டும் நடப்பதே இல்லை.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. இளவட்டத்தில் செஞ்சி வட்டாரத்தில் லெஃப்ட் கவர் ஆடினேன், ரைடரைப் பிடிக்கிற வேலை. முட்டி ஒத்துழைக்காமல் போன பிறகு விசிலை எடுத்துக்கொண்டேன். வளத்தி, அவலூர்பேட்டை, அனந்தபுரம் என்று எங்கே லைட் கட்டி ஆட்டம் போட்டாலும் கூப்பிட்டால் போவேன். கவர் ஆடினவனுக்கு ரைடர்மேல் கொஞ்சம் எரிச்சல் இருக்கத்தான் செய்யும். அதை மறைக்கப் போவதில்லை. எரிச்சலைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு நான் சொல்கிற பக்கம்தான் நிற்கிறது.

வெளியே இருக்கும் நிமிஷங்கள்

ரைடர் பாடப் போய் என்ன செய்வார் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அவுட் ஆன பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. டி.வி.யில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதைக் காட்டுவார்கள், விளம்பரம் வந்துவிடும். மேட்டில் ஓடுகிற கணக்கு வேறு.

வெளியே போனவர்கள், போன வரிசையில்தான் திரும்பி வர முடியும். நாம் ஒரு ஆளைத் தொட்டுவிட்டு வந்தால் ஒருவர் உள்ளே வருவார். எதிரணி ரைடரைப் பிடித்தாலும் ஒருவர் வருவார். போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கிற புள்ளிக்கு ஆள் வராது. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடிக்கிற சூப்பர் டேக்கிளில் இரண்டு புள்ளி கிடைத்தாலும் வருகிற ஆள் ஒருவர்தான். மெயின் ரைடருக்கு முன்னால் இரண்டு பேர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், ஆள் கொண்டுவரும் புள்ளி மூன்று எடுத்தால்தான் அவர் உள்ளே வருவார். அதை வேறு யாராவதுதான் எடுத்துத் தர வேண்டும்.

ஒரு ரைடுக்கு 30 விநாடி. மெயின் ரைடர் நாலு நிமிஷம் வெளியே இருந்தால் நம் பங்குக்கு நாலு ரைடாவது வரும். அதில் இரண்டை வெறுங்கையோடு வந்து கழித்தால் மூன்றாவது ‘டூ ஆர் டை’: புள்ளி எடுக்காவிட்டால் போனவன் அவுட். எதிரணியில் ஓரத்தில் நின்று பிடிக்கிற கார்னர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான். முதல் இரண்டு ரைடில் பின்னுக்குப் போய் வேடிக்கை பார்ப்பார்கள். மூன்றாவதில் செயின் கோத்துக்கொண்டு முன்னால் வருவார்கள். அந்த நேரம் அனுப்ப ஆள் இல்லாத அணி, டிஃபெண்டர் ஒருவரைத் தள்ளிவிடும். அவர் போய் மாட்டுவார். இரண்டு நிமிஷத்தில் ஏழு பேர் நாலு பேர் ஆவார்கள். அடுத்து ஏழு பேரும் அவுட், அதாவது லோனா; எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி. அதன் பிறகு மெயின் ரைடர் எழுந்து வருவார். ஸ்கோரில் எட்டு, ஒன்பது புள்ளி வித்தியாசம் விழுந்திருக்கும். அப்புறம் அவர் ஒரே ரைடில் பல புள்ளி அள்ளுகிற சூப்பர் ரைடு எடுத்து ஈடுகட்டப் பார்ப்பார். கைதட்டல் வரும், வெற்றி வராது.

ஆகவே கோச்சின் தாக்குதல் திட்டத்தை எடைபோட, மெயின் ரைடர் உள்ளே இருக்கும் நேரத்தைப் பார்த்துப் பயனில்லை. அது அந்த வீரரின் திறமை. அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் நிமிஷங்களில் அணி என்ன செய்கிறது என்று பாருங்கள். கோச் வாங்குகிற சம்பளத்துக்கு அங்கேதான் கணக்கு.

எட்டு சீசன் சொல்வது என்ன?

2017-ல் அணி புதிதாக வந்தபோது அஜய் தாக்கூர் கேப்டன். முந்தைய வருஷம் உலகக் கோப்பை இறுதியில் ஈரானை வீழ்த்திய நாயகன் அவர். இங்கே எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் தலைவாஸ் தன் மண்டலத்தில் கடைசி. ஒரு நாயகன் போதவில்லை போலிருக்கிறது என்று 2019-ல் ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சித் சில்லார் என்று ஒரே அணியில் அத்தனை பெரிய பெயர்கள். 12 அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

அந்த அணியில் பெரிய பெயர்களுக்குப் பின்னால் நம் ஊர்ப் பையன் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார், வி.அஜித் குமார். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறார்.

2021-22 சீசனில் தலைகீழாகப் போனார்கள். சுர்ஜீத் சிங், சாகர் ராத்தி, சாஹில் குலியா என்று பிடி ஆட்டத்தை நம்பினார்கள். சாகர் ஒருவரே 82 டேக்கிள் புள்ளி எடுத்தார். ஆனால் ரைடில் பல் இல்லை. ஆறு ஆட்டங்கள் டையில் முடிந்தன, கிடைத்தது 11-வது இடம். பிடி மட்டும் இருந்தால் தோற்காமல் இருக்கலாம், ஜெயிக்க முடியாது. கவர் ஆடின நானே இதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு 2022. பவன் போன மறுநாள் கையில் இருந்தது நரேந்தர் என்ற, அதுவரை யாரும் கேள்விப்படாத ஹரியானா பையனும், அஜிங்க்யா பவாரும், கார்னரில் சாகர்–சாஹில் ஜோடியும், கவரில் எம்.அபிஷேக் போன்ற இளசுகளும். ஆரம்பத்தில் தடுமாறினார்கள். சீசன் நடுவே உதயகுமார் போய் அஷன் குமார் கோச்சாக வந்தார். அவர் வந்த பிறகு நான் கவனித்தது, ரைடுக்குப் போகிற ஆளை ஆட்டத்தின் நிலவரம் தீர்மானித்ததைத்தான். எதிரே ஆறு பேருக்கு மேல் நின்றால் ஒருவர், ஆள் குறைந்தால் இன்னொருவர், டூ ஆர் டை என்றால் இன்னொருவர். நரேந்தர் மாட்டிக்கொண்டாலும் கார்னர்கள் இரண்டு பிடி பிடித்து அவரைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். அறிமுக சீசனிலேயே நரேந்தர் 243 ரைடு புள்ளி எடுத்தார். எலிமினேட்டரில் உ.பி. யோதாஸுடன் 36-36 என்று டை ஆகி, டை பிரேக்கரில் 6-4 என்று வென்றார்கள். அரையிறுதியில் புனேயிடம் 37-39. இரண்டே புள்ளியில் போனது.

நரேந்தரும் ஒற்றை ஆள்தானே, அவரையும் நம்பித்தானே ஆடினார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வித்தியாசம் இதுதான்: நரேந்தரை நம்பி அணியைக் கட்டவில்லை, கட்டிய அணிக்குள் நரேந்தர் வளர்ந்தார். அவரை உள்ளே கொண்டுவர ஆள் இருந்தது, அவர் இல்லாதபோது பாட ஆள் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். 2023-24 சீசனில் ஒன்பதாவது இடம். உடனே பொறுமை போயிற்று. அடுத்த ஏலத்தில் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம் போட்டார்கள். அந்த ஏலத்திலேயே அதிக விலை. கூடவே இருந்து பழகிய அஜிங்க்யா பவார் வேறு அணிக்குப் போனார். மறுபடியும் ஒன்பதாவது இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் கொடுத்தும், பவனை 59.5 லட்சத்துக்கும் எடுத்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று விசாகப்பட்டினத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று வென்றபோது செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் “இந்த வருஷம் கப்புதான்” என்றார்கள். செப்டம்பரில் பவனை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி அணி நிர்வாகம் அனுப்பிவிட்டது. அவர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: அன்றிலிருந்து மொத்த பாரமும் அர்ஜுன் தோளில். அவர் அசராமல் பாடினார். அணி முதல் எட்டு இடங்களுக்குள்கூட வரவில்லை.

இரண்டாவது ஆள் தூக்கிய கோப்பைகள்

வி.அஜித் குமார் 2022-ல் ஜெய்ப்பூர் அணியில் இருந்தார். அந்த வருஷம் ஜெய்ப்பூர் கோப்பையை வென்றது. அஜிங்க்யா பவார் 2025-ல் தபாங் டெல்லியில் இருந்தார். அக்டோபர் 31-ம் தேதி இறுதியில் புனேயை 31-28 என்று வென்று டெல்லி கோப்பையைத் தூக்கியது. தலைவாஸ் இரண்டாவது, மூன்றாவது ஆளாக வைத்திருந்து விட்டுவிட்ட இரண்டு ரைடர்கள், வேறு ஊரில் அதே இரண்டாவது, மூன்றாவது ஆள் வேலையைச் செய்து கோப்பை தூக்கியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஆனாலும் சொல்கிறேன். டெல்லி முதன்முதலில் கோப்பை வென்றது 2022 பிப்ரவரியில், பாட்னாவை 37-36 என்று தோற்கடித்து. அந்த சீசனில் அவர்களுடைய நட்சத்திரம் நவீன் குமார் காயத்தால் பல ஆட்டங்கள் வெளியே இருந்தார். தூக்கி நிறுத்தியவர் விஜய் மாலிக். இறுதியில் நவீன் 13 புள்ளி, விஜய் 14.

அந்த இறுதியில் தோற்ற பாட்னாவின் கதை அதைவிட ருசியானது. மூன்று முறை கோப்பை வாங்கிக் கொடுத்த பர்தீப் நர்வாலை அவர்கள் இழந்திருந்தார்கள். உ.பி. அணி அவரை 1 கோடியே 65 லட்சத்துக்கு எடுத்தது. பர்தீப் இல்லாத பாட்னா என்ன ஆகும் என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். சச்சின், மோனு கோயத், குமன் சிங், பிரசாந்த் ராய் என்று நாலு பேர் மாற்றி மாற்றிப் பாடி, ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பையைத் தவறவிட்டார்கள். பர்தீப்பை வாங்கிய உ.பி. இறுதிக்கே வரவில்லை. நாலில் ஒருவராகப் பாடி அசத்திய அதே சச்சினைத்தான் பின்னால் நாம் 2.15 கோடிக்கு வாங்கி, நாயகனாக்கப் பார்த்தோம்.

எதிர்வாதமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2017-ல் பர்தீப் 369 ரைடு புள்ளி எடுத்து, கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பாட்னாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தாரே? 2022-ல் அர்ஜுன் தேஷ்வால் 296 புள்ளி எடுத்து ஜெய்ப்பூரை ஜெயிக்க வைத்தாரே? அந்த ஜெய்ப்பூரின் கோச் சஞ்சீவ் பல்யானைத்தானே, அதே அர்ஜுனோடு சேர்த்து 2025-ல் தலைவாஸ் கொண்டுவந்தது? வென்ற ஜோடியை அப்படியே பெயர்த்து வைத்தால் இங்கேயும் வெல்லாதா?

பெயர்த்து வைத்தது பாதிதான். பர்தீப்புக்குப் பின்னால் மோனு கோயத் இருந்தார். அந்த வருஷ ஆட்டத்தைப் பார்த்துத்தான் மறு ஏலத்தில் அவருக்கு 1 கோடியே 51 லட்சம் கொடுத்தார்கள். அர்ஜுனுக்குப் பின்னால் அஜித் குமார் இருந்தார், ராகுல் சவுத்ரி இருந்தார். அதைவிட முக்கியமாக லெஃப்ட் கார்னரில் அங்குஷ் இருந்தார்: 89 டேக்கிள் புள்ளி, அந்த சீசனில் அவருக்குத்தான் முதலிடம். ஒவ்வொரு பிடியும் அர்ஜுனை மேட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்த பிடி. பல்யானுக்கு அங்கே கிடைத்தது ஒரு ரைடரும் அவரைச் சுற்றி ஒரு அணியும். இங்கே கிடைத்தது இரண்டு மெயின் ரைடர்கள். ஒருவர் போனதும் திட்டத்தில் பாதி போய்விட்டது. பல்யானைக் குறை சொல்ல வேண்டுமென்றால் அந்த இடத்தில்தான் சொல்வேன்: பவன் இல்லாத ஆட்டத்துக்கு இரண்டாவது திட்டம் முதல் நாளே அவர் பையில் இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே பவன் இல்லாமல் ஒரு சீசனை ஓட்டிய அணி இது. அந்தப் பாடத்தைப் படிக்க வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

கோச்சுக்கு ஒரு வருஷம் போதாது

தவறு முழுக்க கோச்சுகளுடையது என்று சொல்ல மாட்டேன். கே.பாஸ்கரன், எடச்சேரி பாஸ்கரன், உதயகுமார், அஷன் குமார், மறுபடி உதயகுமாரோடு தர்மராஜ் சேரலாதன், அப்புறம் பல்யான். இவர்களில் விஷயம் தெரியாதவர் ஒருவரும் இல்லை. சேரலாதன் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து கோப்பை தூக்கியவர். ஆனால் வந்தவர் எவருக்கும் ஆற அமர அணியைக் கட்ட நேரம் கிடைக்கவில்லை. ஒரு கோச் நாலாவது ரைடரைத் தயார் செய்து முடிக்கும்போது, அடுத்த கோச் வந்து அந்தப் பையனை ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

புனேயைப் பாருங்கள். பி.சி.ரமேஷ் கோச்சாக இருந்த அணி 2022 இறுதியில் ஜெய்ப்பூரிடம் தோற்றது. கோச்சை மாற்றவில்லை. அஸ்லம் இனாம்தார், மோகித் கோயத், பங்கஜ் மோஹிதே என்று ரைடைப் பிரித்துக்கொண்டு ஆடினார்கள்; 2024 மார்ச் 1-ம் தேதி ஹரியானாவை 28-25 என்று வென்று கோப்பை வாங்கினார்கள். தோற்ற ஹரியானாவும் மன்பிரீத் சிங்கை மாற்றவில்லை. அதே வருஷக் கடைசியில் பாட்னாவை 32-23 என்று வென்று அவர்களும் கோப்பை வாங்கினார்கள். அந்தப் பாட்னாவில் 301 ரைடு புள்ளி எடுத்த தேவாங்க் தலால் இருந்தார். சீசனின் சிறந்த ரைடர் ஒரு பக்கம், கோப்பை மறுபக்கம். இறுதியில் தோற்ற கோச்சை மறுவருஷமும் வைத்துக்கொண்ட இரண்டு அணிகளுக்கும் பலன் கிடைத்தது. நாம் அரையிறுதி வரை கொண்டுபோன கோச்சுக்கு அதன்பின் கொடுத்தது ஒரே ஒரு சீசன்.

தேசிங்கு ராஜாவைப் பாடுகிற ஊர்

ஒற்றை ஆளை நம்புகிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை செஞ்சிக்காரன் நான் சொல்லாமல் இருக்க முடியாது. 2025 ஜூலையில் எங்கள் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு செஞ்சிக்கு வெளியூர்க் கூட்டம் நிறைய வருகிறது. வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “தேசிங்கு ராஜா இருந்த இடம் எது?” இந்தக் கோட்டையை ஆண்ட தேசிங்கு 1714-ல் சில நூறு குதிரை வீரர்களோடு ஆற்காடு நவாபின் பெரும்படைக்கு எதிராகக் கிளம்பிப் போய், ஒரே நாள் சண்டையில் விழுந்தார். வீரம்தான், நானும் தலை வணங்குகிறேன். ஆனால் அவர் விழுந்ததும் கோட்டை நவாப் கைக்குப் போயிற்று. அதற்கு முன்னால் இதே கோட்டைக்குள் மராட்டிய ராஜாராம் இருந்தபோது முகலாயப் படை 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக் கிடந்தது. மூன்று மலைகளையும் சேர்த்துக் கட்டிய மதில் அத்தனை வருஷம் தாங்கியது. அந்தக் கதையைக் கேட்டு யாரும் வருவதில்லை. கூத்திலும் பாட்டிலும் நமக்கு வேண்டியது ஒற்றைக் குதிரைதான்.

கிரிக்கெட்டிலும் இதே குணம்தான். 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூருவுக்கு எதிராக தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். 16 பந்தில் 30 அடித்தார். சென்னை 50 ரன்னில் தோற்றது. முழங்கால் நிலைமையைப் பார்த்துத்தான் இறக்குகிறோம் என்று கோச் ஃபிளெமிங் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. வாரக்கணக்கில் விவாதம். அணியின் நடு வரிசை என்ன ஆயிற்று என்று கேட்டவர்களைவிட, தோனி ஏன் முன்னால் வரவில்லை என்று கேட்டவர்கள்தான் அதிகம். கபடி கோச்சும் இந்தக் கூட்டத்தின் முன்னால்தான் நிற்கிறார். மெயின் ரைடரை இரண்டு ரைடு உட்கார வைத்துவிட்டு ஒரு பொடியனை அனுப்பினால், அரங்கமே எழுந்து கத்தும். அதைத் தாங்க அவருக்கு நிர்வாகத்தின் பலம் வேண்டும். ஒரு வருஷ ஒப்பந்தக்காரருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வரும்?

கிராமத்து ஆட்டத்திலும் இதே வியாதி

டி.வி.யில் பார்ப்பதைத்தான் பையன்கள் செய்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்டங்களில் மைக் பிடிக்கிறவர் ரைடர் பெயரை மட்டும்தான் இழுத்து இழுத்துச் சொல்வார். பிடித்தவன் “பச்சை பனியன் தம்பி” தான். பரிசு மேசையைப் பார்த்தாலே தெரியும்: சிறந்த ரைடருக்கு இடுப்பு உயரக் கோப்பை, சிறந்த கேட்சருக்குச் சாப்பாட்டு மேசையில் வைக்கிற சைஸில் ஒன்று. பத்தாவது படிக்கிற பையன்களைக் கூட்டி வைத்து யார் கார்னர் ஆடுகிறீர்கள் என்று கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள். எல்லோரும் ரைடர்.

வளத்திப் பக்கம் ஒரு ராத்திரி ஆட்டம். மண்ணுக்குத் தண்ணீர் தெளித்து, கல் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். உள்ளூர் அணியின் மெயின் ரைடர் நல்ல கை. எதிரணிக்கு அது தெரியும். அவனை மட்டும் குறிவைத்துப் பிடித்துப் பிடித்து உட்கார வைத்தார்கள். அணியை நடத்துகிறவர் டிராக்டர் வைத்திருக்கிற ஒரு பெரியவர். அவன் வெளியே போகும்போதெல்லாம் “நேரத்த ஓட்டுடா, அவன் வரட்டும்” என்று கத்துவார். பையன்களும் நடுக்கோட்டு ஓரமாகவே பாடிவிட்டுத் திரும்புவார்கள். மூன்றாவது ரைடில் ஒருவன் போய்ச் சாவான். கடைசி ஐந்து நிமிஷம், ஐந்து பேர் வெளியே, மறுபடி டூ ஆர் டை. வேறு வழியில்லாமல் ரைட் கவர் ஆடிய ஒல்லிப் பையனைத் தள்ளிவிட்டார்கள். அவன் அதுவரை ஒரு ரைடும் போகவில்லை. நேராக லெஃப்ட் கார்னரைப் பார்த்துப் போனான், கார்னர் காலை நீட்டியதும் குனிந்து பெருவிரலைத் தொட்டான், ஒரே தாவலில் கோட்டுக்கு வந்துவிட்டான். நான் விசில் ஊதிக் கையைத் தூக்கியபோது எதிரணிக்காரர்களுக்கே நம்பிக்கை இல்லை. கவர் ஆடுகிறவனுக்குக் கார்னர் கால் எப்போது நீளும் என்று தெரியாதா என்ன? தினமும் பக்கத்தில் நிற்கிறானே!

அந்த ஆட்டத்தில் அவர்கள் எப்படியும் தோற்றார்கள். முதல் பாதியிலேயே அவனை அனுப்பியிருந்தால் என்று பெரியவரிடம் கேட்டேன். “நம்ம பையன் இருக்கறப்ப இவன எப்படி சார் அனுப்புறது? சனம் என்ன சொல்லும்?” என்றார். தலைவாஸ் நிர்வாகத்தின் மனசும் இதுதான் என்று நினைக்கிறேன். ஏலத் தொகையில்தான் வித்தியாசம்.

செய்ய வேண்டியது

நட்சத்திர ரைடரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021-22 காட்டியது, அப்படியும் ஆட முடியாது. மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, ஏல மேசையில் முதல் காசு கார்னருக்குப் போகட்டும். புனே கோப்பை வென்ற சீசனில் ஈரானின் ஷாத்லூயி என்ற டிஃபெண்டருக்கு 2 கோடியே 35 லட்சம் கொடுத்தார்கள். அடுத்த சீசனில் ஹரியானா அவரை இரண்டு கோடிக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவர்களும் கோப்பை வென்றார்கள். ரைடரை மேட்டில் வைத்திருப்பவர் கார்னர்தான். அந்தச் செலவை ரைடர் செலவாகவே எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு, டூ ஆர் டை ரைடுக்கென்று மெயின் ரைடர் அல்லாத ஒருவரை வளர்க்க வேண்டும். பயிற்சி முகாமில் ஒரு வேளை ஆட்டத்தை மெயின் ரைடர் இல்லாமலேயே, ஐந்து பேரை வைத்து ஆட விட வேண்டும். லெஃப்டிலிருந்து பாடுகிற ஒருவர், ரைட்டிலிருந்து பாடுகிற ஒருவர், கவரிலிருந்து எழுந்து போகக்கூடிய ஒருவர் என்று மூன்று பேராவது இருக்க வேண்டும். இப்போது லீக் ஆட்டங்களே டை ஆனால் ஐந்து ரைடு டை பிரேக்கருக்குப் போகின்றன. ஐந்து ரைடுக்கு ஐந்து வேறு ஆள் வேண்டும். ஒற்றை ரைடர் அணிக்கு அந்தக் கட்டத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2022-ல் உ.பி.யை அப்படித்தான் நாம் 6-4 என்று வென்றோம்.

மூன்று, கோச் யாராக இருந்தாலும் மூன்று வருஷம் கொடுங்கள். தமிழரா, ஹரியானாக்காரரா என்பது எனக்குப் பொருட்டில்லை. நம் பையன்களுக்கு வழி வேண்டாமா என்றால், வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் கபடியில் தங்கத்தோடு வந்தார்கள். அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. விதை இருக்கிறது. ஆனால் ரைடை ஒருவருக்கே எழுதிக் கொடுத்துவிட்ட அணியில், நம் பையன் இருந்தாலும் பெஞ்சைத்தான் தேய்ப்பான். பங்கு போட்டு ஆடுகிற அணியில்தான் இருபது வயதுக்காரனுக்கு முதல் ரைடு கிடைக்கும்.

அடுத்த சீசனுக்கு முன்னால் அணி நிர்வாகம் வழக்கம்போலப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, புது ஜெர்சியைக் காட்டி, கேப்டனை நடுவில் உட்கார வைக்கும். விளையாட்டு நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். கப்பு வாங்குவீர்களா என்று கேட்காதீர்கள். கோச்சைப் பார்த்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: “உங்கள் மெயின் ரைடர் அவுட், ஐந்து பேர் உள்ளே, டூ ஆர் டை. யாரை அனுப்புவீர்கள்?” அவர் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னால், இந்த முறை நானும் டீக்கடைக்காரர்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

(கட்டுரையாளர் செஞ்சி வட்டாரத்தில் முன்னாள் கபடி வீரர், கிராமப் போட்டிகளின் நடுவர்.)